பையில என்ன, டீச்சர்?

என் பையில் என்ன இருக்கிறது என்று என் அம்மா கேட்டதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கணவரும் கேட்டதில்லை. ஆனால் ஒன்றரை வருடம், பள்ளிக்கூடம் இருந்த ஒவ்வொரு நாளும், காலை ஏழு மணி சொச்சத்துக்கு ஒரு மனிதர் விடாமல் கேட்டார்.

"பையில என்ன, டீச்சர்?"

பள்ளி வாசலில் நின்ற செக்யூரிட்டி அவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட நீலச் சட்டை, அதில் பெயர்ப்பட்டை. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை, விட்டுவிடுகிறேன். நாங்கள் தமிழ்க்காரர்கள் அவரை பாய் என்று கூப்பிட்டோம். அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு எங்கள் அறிவியல் ஆசிரியை மிஸ் டான் கடைசிவரை 'மிஸ்டர் பாய்' என்றே மரியாதையாகக் கூப்பிட்டுவந்தார். பாயும் திருத்தவில்லை.

நான் அப்போது வேலை பார்த்தது ஒரு தனியார் பள்ளி. வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம். தலைமையிடம் வேறு ஏதோ ஒரு நாட்டில். அங்கே பள்ளிக்கூட வாசலில் ஆயுதச் சோதனை வேண்டும் என்று முடிவானபோது, உலகத்தில் இருக்கும் கிளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மெஷின் வாங்கிவிட்டார்கள். சிங்கப்பூர்க் கிளைக்கும் ஒன்று வந்து இறங்கியது. அதுவரை எங்கள் பள்ளியில் பிடிபட்ட பெரிய ஆயுதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் காம்பஸ்.

ஏர்போர்ட்டில் இருப்பதுபோலத்தான். பை ஒரு பெல்ட்டில் போகும், நாம் ஒரு வளைவுக்குள் நடக்கவேண்டும். பையில் கூராக ஏதாவது தெரிந்தால் திரையில் சிவப்புக் கட்டம் விழும். அந்தக் கட்டம் விழுந்த நொடியில் முதல்வரின் போனுக்கும் தலைமையிடத்துக்கும் மெஷினே செய்தி அனுப்பிவிடும். அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. பொருளை உறையில் போட்டு முத்திரை வைத்து போலீசுக்கு அனுப்புவார்கள். விசாரணை முடிய வாரக்கணக்கில் ஆகும்.

மெஷின் விற்ற கம்பெனி ஆள் பயிற்சி கொடுக்கும்போது, இனி யாரிடமும் பேசவேண்டிய அவசியமே இல்லை, மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொன்னாராம். பாய் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை வாசல் கார்ட் ஹவுசிலிருந்து ஒரு பழைய மேசையைத் தூக்கிவந்து பெல்ட்டுக்கு முன்னால் போட்டார். பையை முதலில் அந்த மேசையில் வைக்கவேண்டும். அவர் கேட்பார். நாம் சொல்லவேண்டும். அப்புறம்தான் பெல்ட்.

தமிழில், ஆங்கிலத்தில், மலாயில், ஓட்டை மாண்டரினில், யாருக்கு எது வருமோ அதில் கேட்பார். முதல்வரையும் கேட்டார். ஒருநாள் தலைமையிடத்திலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரப் பெரிய மனிதரையும் கேட்டார். அவர் அசந்துபோய், சட்டைப்பையைத் துழாவி, சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன மடக்குக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தார். பாய் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் திருப்பித் தந்தார். பெரிய மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி. கேட்காமல் அனுப்பியிருந்தால் அவருடைய மெஷினே அவரை மாட்டிவிட்டிருக்கும்.

விதிமுறையில் அதற்கு இடம் இருந்தது. பெல்ட்டுக்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால், நோட்டில் பதிந்து, பொருளை அலமாரியில் பூட்டிவைத்து, போகும்போது தரலாம். யாரும் படிக்காத பதினோராம் பக்கத்தில் அது இருந்தது. பாய் படித்திருந்தார்.

"நீங்க சொல்லிட்டா அது சாமான், டீச்சர். மெஷின் சொல்லிட்டா கேஸ்."

இதை எனக்கு அவர் விளக்கியது பிற்பாடு. அப்போதெல்லாம் அவர் கேள்வி எனக்கு எரிச்சலைத்தான் மூட்டியது. தினமும் நோட்டுப் புத்தகம், சாப்பாட்டு டப்பா, குடை. தினமும் அதையே சொல்லவேண்டும். ஒருமுறை கடுப்பில், "வெடிகுண்டு பாய்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. "டீச்சர், அதை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீங்க. நான் எழுதணும்," என்றார். பேனாவைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் நோட்டுப் புத்தகம், சாப்பாடு, குடை என்று ஒப்பித்துவிட்டு உள்ளே போனேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். காலில் உலோகத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். முதல் நாள் வளைவு அலற, எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்க, அழுதுகொண்டு உள்ளே ஓடினாளாம். மறுநாளிலிருந்து பாய் அவளிடம் கேட்பார். அவள் மெதுவாக, "கால் அங்கிள்," என்பாள். அவர் வளைவுக்குப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, கையில் பிடிக்கும் கருவியின் சத்தத்தை அணைத்து, அவள் காலின்மேல் ஒருதரம் ஓட்டிவிட்டு அனுப்புவார். அவளும் இரண்டு வாரத்தில் "கால் அங்கிள்" என்று சத்தமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இதைப் பார்த்தபோதுகூட எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது என்று சொன்னால் பொய். நல்ல மனிதர்தான், ஆனால் என்னை ஏன் லேட்டாக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

லேட் என்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை. வருகைப் பதிவு வாசலைத் தாண்டித்தான் இருந்தது. ஏழு இருபத்தைந்துக்குள் அட்டையைத் தட்டவேண்டும். ஒரு பருவத்தில் மூன்று லேட் என்றால் கடிதம் வரும். நானோ ஒரு வருட ஒப்பந்தத்தில் இருந்தவள். மார்ச்சில் புதுப்பிக்கவேண்டும். அதற்கு முந்தைய பருவத்தில் ஓவிய ஆசிரியர் ஒருவர் காகிதம் வெட்டும் கத்தியைப் பையில் மறந்துவிட்டு வந்தார். பாய் விடுப்பில் இருந்த நாள் அது, யாரும் கேட்கவில்லை, சிவப்புக் கட்டம் விழுந்துவிட்டது. இரண்டு வாரம் விசாரணை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அப்போதும் நாங்கள் மெஷினைத் திட்டினோமே தவிர, பாய் இருந்திருந்தால் என்று யோசிக்கவில்லை.

அவருக்கு இந்தக் கேள்விப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னார். கையில் மீன் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப நான் டெலிவரி லாரி ஓட்டிட்டு இருந்தேன் டீச்சர். ஹரி ராயா பெருநாளுக்கு முன்னாடி மலேசியா பக்கம் ஜொகூர் போயிட்டு வந்தோம். பிள்ளைங்களுக்குன்னு சம்சாரம் மத்தாப்பு வாங்கி என் பைக்குள்ள அடியில போட்டிருக்கா. எனக்குத் தெரியாது. உட்லண்ட்ஸ் செக்பாயின்ட்ல யாரும் ஒரு வார்த்தை கேக்கல. மத்தாப்பு இங்க தடையாச்சே, மெஷின் காட்டிருச்சு. அவ்ளோதான்."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அப்புறம் சொன்னா எல்லாரும் சொல்றதுதான் லா. முன்னாடியே ஒருத்தர் 'உள்ள என்ன பாய்'னு கேட்டிருந்தா, 'இருங்க, பாத்துச் சொல்றேன்'னு திறந்திருப்பேன். அபராதம் கட்டினேன். லாரி வேலை போச்சு. சம்சாரம் ஒரு வருஷம் என் முகத்தைப் பாக்கல, பாவம்."

சொல்லிவிட்டு மீன் வாடை அடிக்கும் என்று இரண்டடி தள்ளி நின்றார். எனக்கு மனசு இளகியது உண்மை. திங்கட்கிழமை காலை வரிசையில் நின்றபோது அந்த இளக்கம் போய்விட்டது.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு என் கணவருக்கு மூன்றாவது காவடி. எங்கள் மகள் இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, மூன்று வருடம் அலகுக் காவடி எடுக்கிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டார். இரண்டு முடிந்தது. மூன்றாவது முடிந்தால்தான் வேண்டுதல் நிறைவேறும். அவள் அப்போது நர்சரியில் சண்டைபோட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தாள். வீட்டில் எல்லோரும் விரதம். முதுகிலும் நெஞ்சிலும் குத்தும் குட்டி வேல்கள் நூற்றெட்டையும் சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றில் புதிதாகச் செய்யக் கொடுத்து வாங்கி, பன்னீரில் அலசி, விபூதி தூவி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குக் காவடி கட்டுகிறவரிடம் கொடுக்கவேண்டும்.

அந்த டப்பா இரட்டை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கியது. இன்னொன்றில்தான் தினமும் என் மதியச் சாப்பாடு.

இதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆசிரியர்கள் சேர்ந்து பாய்மேல் ஒரு புகார்க் கடிதம் எழுதினோம். தேவையில்லாத கேள்விகளால் வரிசை நகர்வதில்லை, ஆசிரியர்கள் தாமதமாகிறார்கள், மெஷின் இருக்கும்போது ஆள் எதற்குக் கேட்கவேண்டும் என்று. எனக்கு அந்தப் பருவத்தில் இரண்டு லேட் விழுந்திருந்தது. மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. நானேதான் பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை வாசலில் புது முகம் ஒன்று நின்றது. செக்யூரிட்டி கம்பெனியின் சூப்பர்வைசர். கையில் போனைப் பிடித்து, ஒவ்வொருவரும் உள்ளே போக எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கடிதத்தின் விளைவு என்று உடனே புரிந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மணி ஏழு இருபது. எனக்குப் பின்னால் வரிசை பஸ் ஸ்டாப் வரைக்கும் நீண்டிருந்தது.

பையை மேசையில் வைத்தேன். உள்ளே 'சளங்' என்றது.

"பையில என்ன, டீச்சர்?"

"நோட்டு. சாப்பாடு. குடை."

"சாப்பாடா சத்தம் போட்டுச்சு?"

"ஸ்பூன் பாய்."

"ஒரு ஸ்பூன் இல்ல டீச்சர் இது. உள்ள நிறைய பேரு இருக்காங்க."

சூப்பர்வைசர் பின்னாலிருந்து, "அங்கிள், மெஷின்ல விடுங்க லா. அதுக்குத்தானே மெஷின்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கும் அதே கோபம். மூன்றாவது லேட் கண்முன்னால் நின்றது.

"பாய், ப்ளீஸ். டைம் ஆச்சு. தயிர்சாதம்தான்," என்று பையை நானே எடுத்துப் பெல்ட்டின்மேல் வைக்கப்போனேன்.

பாய் பையைத் தொடவில்லை. பெல்ட்டின் வாயில் தன் உள்ளங்கையை விரித்து வைத்து மறித்துக்கொண்டார்.

"திறந்து பாத்துட்டுச் சொல்லுங்க. எனக்காக வேணாம் டீச்சர். உங்களுக்காக."

ஆத்திரத்தோடு டப்பாவை வெளியே எடுத்து மூடியைப் பிடுங்கினேன். விபூதி மணம் வந்தது. நூற்றெட்டு வேலும் வெள்ளை வெளேரென்று உள்ளே கிடந்தன.

பெல்ட் ஒரு சாண் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் போயிருந்தால் சிவப்புக் கட்டம், போலீஸ், உறை, முத்திரை. வேலை போவது இருக்கட்டும். மறுநாள் காவடிக்கு வேல் இல்லை. என் கணவர் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, பிள்ளைக்காக வேண்டிக்கொண்டதைக் கடைசி வருடத்தில் நான் கெடுத்திருப்பேன். "பாய்... வேல். நாளைக்கு என் வீட்டுக்காரர் காவடிக்கு. டப்பா மாறிப்போச்சு," என்றேன்.

"சொல்லிட்டீங்கள்ல? போதும்," என்று நீல நோட்டைத் திறந்தார்.

பதியும்போது செக்யூரிட்டி ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து எண்ணவேண்டும் என்பது விதி. பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கினார்.

"நான் தொடலாமா? விரதச் சாமானாச்சே. டேங்க் ரோட்டு முருகன் கோயில் பக்கம் கார்பார்க்ல ஏழு வருஷம் நின்னிருக்கேன், எனக்குத் தெரியும்."

"வேணாம் பாய்," என்றேன். சொல்லும்போதே கூசியது.

"அப்ப நீங்க எடுத்து வைங்க. நான் கண்ணால எண்ணிக்கிறேன்."

சூப்பர்வைசரிடம் திரும்பி, இது சாமி காரியம், இவங்க கைதான் படணும், நீங்களும் கூட நின்று எண்ணுங்க என்று பணிவாகச் சொன்னார். சூப்பர்வைசர் மூச்சை இழுத்துவிட்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் வைக்க, பாய் உதட்டுக்குள் எண்ண, பின்னால் மிஸ் டான் கைக்கடிகாரத்தைப் பார்க்க, நூற்றெட்டும் முடிந்தது. நோட்டில் 'ஆசிரியை தானே சொன்னது' என்று எழுதி நேரத்தையும் போட்டார்.

அலமாரியில் மூன்று தட்டுகள். நடுத்தட்டு காலியாக இருந்தும் மேல்தட்டைக் காட்டினார். அங்கே மடித்த தொழுகை விரிப்பு ஒன்று இருந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டு, "இங்க வைங்க. இந்தத் தட்டுல நான் வேற எதையும் வைக்கிறதில்ல," என்றார். நானே வைத்தேன். அவர் பூட்டினார்.

எனக்கு மூன்றாவது லேட் விழுந்தது. ஏழரைக்கு என் கணவர் போன் செய்து, "ஏய், பூஜைல வைக்கலாம்னு டப்பாவத் திறந்தா தயிர்சாதம் இருக்கு!" என்று கத்தினார். வேல் பத்திரமாக இருக்கிறது, பாயிடம் இருக்கிறது என்றேன். எந்தப் பாய் என்று கேட்டார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் டப்பா என் கைக்கு வந்தது. ஐந்து மணிக்குக் காவடி கட்டுகிறவரிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் என் கணவர் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் ஆடிக்கொண்டு போனார். டோபி காட் ஸ்டேஷனைத் தாண்டும்போது மகள் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பக்கத்திலேயே ஓடினாள். கோயில் வாசலில் வேல்களைக் கழற்றும்போது நான் முருகனைக் கும்பிட்டேன். பாயையும் நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வாசலில் மேசை இல்லை. ஒரு இளம் செக்யூரிட்டி போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைகள் சர்ரென்று பெல்ட்டில் போயின. யாரும் எதையும் கேட்கவில்லை. எல்லோரும் ஏழு இருபதுக்கே உள்ளே இருந்தோம்.

விசாரித்தேன். அந்தக் காலை ஒரே ஆசிரியைக்கு ஆறு நிமிடம் என்று சூப்பர்வைசர் எழுதியிருந்தாராம். அந்த ஆறு நிமிடமும் என்னுடையது. பாயை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நடந்ததை எல்லாம் எழுதி, என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று முதல்வருக்குக் கடிதம் கொடுத்தேன். கவனத்தில் கொள்கிறோம் என்று இரண்டு வரி பதில் வந்தது. மூன்று லேட் இருந்தும் மார்ச்சில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் மகளைப் படிக்கவைத்தேன்.

சிராங்கூனில் ஒரு கொண்டோமினியம் அடுக்குமாடியில் காவல் வேலையில் இருக்கிறார் என்று தெரிந்து ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். கையை வீசிக்கொண்டுதான் போனேன், இதற்கெல்லாம் என்ன வாங்கிப்போவது என்று தெரியவில்லை. கார் நுழையும் இடத்தில் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர், வாங்க," என்று தன் நாற்காலியைத் தள்ளிவிட்டார். நான் உட்காரவில்லை.

"பாய், அந்த லெட்டர்ல நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்."

"தெரியும் டீச்சர். மூணாவது பேரு."

"யார் சொன்னாங்க?"

"சூப்பர்வைசர் காட்டினாரு. தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி."

அப்படியானால், என் பையை மறித்து அவர் கையை வைத்தபோது அவருக்கு அது தெரியும். கையை எடுத்திருந்தால் போதும். மெஷினில் விடுங்க என்று சூப்பர்வைசர் சொன்னார், நானும்தான் சொன்னேன். வரிசையும் நகர்ந்திருக்கும், அவருடைய வேலையும் அங்கேயே இருந்திருக்கும். கண்ணாடி அறைக்குள் அவர் முன்னால் கைகூப்பி நின்றேன். அவர் பதறிப்போய், "அட, கையக் கீழ போடுங்க டீச்சர், ஆளுங்க பாக்குறாங்க," என்றார். பிறகு, இதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவரைப்போலக் கேட்டார்.

"சாருக்கு முதுகெல்லாம் ஆறிருச்சா?"